அந்தப் படை எந்தப் படை?

  போன மாதம் முழுக்க மூட்டுவலியால் ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும். வகுப்பில் தூங்கியதுபோல இங்கேயும் தூங்குகிறவர்கள் தூங்கலாம், நான் சாக்பீஸ் எறியமாட்டேன்.

விஷயம் இதுதான். என் தங்கையின் பேரன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மூன்று அரியர். தேர்வுக்குப் பணம் கட்டவேண்டிய நாளும் நெருங்கியாயிற்று. அவனோ கட்டவில்லை. கேட்டால் செல்போனை நீட்டுகிறான். குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய செய்தி: ஒரு கலீஃபா இறப்பார், சண்டை வரும், மதீனாவிலிருந்து ஒருவர் மக்காவுக்கு ஓடுவார், கஅபாவில் ருக்னுக்கும் மகாமுக்கும் நடுவே அவருக்கு மக்கள் பைஅத் கொடுப்பார்கள், ஷாம் தேசத்திலிருந்து ஒரு படை வரும், அதை பூமி விழுங்கும். அதற்குக் கீழே இன்றைய சிரியாவின் வரைபடம், நாலைந்து அம்புக்குறிகள், ‘எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, ஸஹீஹான ஹதீஸ்’ என்று கொட்டை எழுத்து. “கியாமத்தே நெருங்கிடுச்சு, அரியர் எழுதி என்ன நன்னா பண்ணப்போறேன்?” என்கிறான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, ராத்திரி தூங்குவதில்லை என்று அவன் உம்மா சொல்லி அழுதாள்.

அதனால் அந்த ஹதீஸை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஆலிம் அல்ல. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. முப்பத்தைந்து வருடம் சரித்திரம் நடத்தியவன். ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, யார் கைமாறி வந்தது, எப்போது வந்தது என்று பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த தொழில்.

முதலில், இது யாரும் கட்டிவிட்ட வாட்ஸ்அப் கதை இல்லை. அபூதாவூத் தொகுப்பில் மஹ்தி பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) சொன்னதாக வருகிறது. அனுப்பியவர் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஸஹீஹ்’ என்று போட்டாரே, அங்கேதான் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

இடம் வாங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பத்திரம் ஒன்று கையில் இருந்தால் போதுமா? மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று கை மாறிய வரிசை அறுபடாமல் வரவேண்டும். நடுவில் ஒரு பத்திரத்தில் விற்றவர் பெயரே இல்லாமல் ‘ஒருவர் விற்றார்’ என்று இருந்தால் எந்த வங்கியும் கடன் தராது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்கிற அறிவிப்பாளர் தொடரும் அப்படித்தான். ஒவ்வொருவரும் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், எந்த ஊரில் இருந்தார், நினைவாற்றல் எப்படி, பொய் சொல்லக்கூடியவரா, தனக்குச் சொன்னவரை நேரில் சந்தித்தாரா என்று ஆயிரக்கணக்கான பேரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் ஹதீஸின் பிரபலமான தொடரில் பஸ்ராவைச் சேர்ந்த கதாதா, தனக்குச் சொன்னவர் ஸாலிஹ் அபுல் கலீல் என்கிறார். அபுல் கலீலுக்குச் சொன்னது யார்? ‘அவருடைய தோழர் ஒருவர்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை. அந்தப் பெயரில்லாத தோழர் உம்மு ஸலமாவிடம் கேட்டாராம். விற்றவர் பெயரில்லாத பத்திரம். நம் காலத்து அறிஞர் அல்பானி உட்பட இதைப் பலவீனமானது என்று ஒதுக்கியவர்கள் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். அபூதாவூதே இன்னொரு தொடரையும் தருகிறார். அதில் பெயரில்லாத இடத்தில் அப்துல்லாஹ் இப்னு ஹாரிஸ் என்று ஒரு பெயர் நிரம்பியிருக்கிறது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

கடைசி நாள் பற்றிய செய்திகளில் பழைய அறிஞர்கள் கூடுதலாகவே கறாராக இருந்தார்கள். காரணம் வெளிப்படை. வியாபாரச் சட்டம் பற்றி ஒருவர் பொய் ஹதீஸ் சொன்னால் கிடைக்கும் லாபம் கொஞ்சம். ‘இன்ன கொடியோடு வருகிறவரைப் பின்பற்றுங்கள்’ என்று நபியின் பெயரால் சொல்ல முடிந்தால் ஒரு ராஜ்ஜியமே கிடைக்கும். தஃப்ஸீர், போர் வரலாறு, வருங்காலப் பெரும்போர்கள் ஆகிய மூன்று துறைக்கும் அடிவேர் இல்லை என்று இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தத் துறைகளில் எல்லாமே பொய் என்று அவர் சொல்லவில்லை. ஒழுங்கான தொடரோடு வருவது அரிது என்பதே அதற்குப் பொருள் என்று விளக்கியிருக்கிறார்கள். இப்னுல் கய்யிம் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன வருடம் இன்ன மாதம் இன்னது நடக்கும் என்று தேதி போட்டு வருவதெல்லாம் பொய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நம் குழுக்களில் வருபவற்றில் பாதி இந்த ஒரு அளவுகோலிலேயே விழுந்துவிடும்.

கறுப்புக் கொடி ஹதீஸ் இதற்கு நல்ல உதாரணம். கிழக்கே குராஸானிலிருந்து கறுப்புக் கொடிகள் வரும் என்பது. 747-ல் அபூ முஸ்லிம் என்பவர் அதே குராஸானில் அதே கறுப்புக் கொடியை உயர்த்தி உமையாக்களின் ஆட்சியைக் கவிழ்த்தார், 750-ல் அப்பாஸியர் வந்தார்கள். யாருக்கு இந்தச் செய்தி வசதியாக இருந்திருக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். இதன் ஒரு தொடரில் வரும் யஸீத் இப்னு அபீ ஸியாத் என்பவரைப் பற்றி, அவர் ஐம்பது சத்தியம் செய்தாலும் இந்த விஷயத்தில் நம்பமாட்டேன் என்ற அளவுக்கு அக்காலத்து ஹதீஸ் அறிஞர் ஒருவர் பேசியிருக்கிறார். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் ஒரு மீலாது மேடையில் நானே இந்தக் கொடியைப் பற்றி முழங்கியிருக்கிறேன். கைதட்டல் பலமாக இருந்தது. எங்கே படித்தேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை.)

சரி, உம்மு ஸலமா ஹதீஸுக்கு வருவோம். அதன் உள்ளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹிஜ்ரி 60-ஐ ஒட்டிய சரித்திரத்தைப் படியுங்கள்.

680-ல் கலீஃபா முஆவியா இறக்கிறார். மகன் யஸீதை ஏற்பதில் பிளவு. மதீனாவில் இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், யஸீதுக்குப் பைஅத் கொடுக்க மறுத்து இரவோடிரவாக மக்காவுக்குப் போகிறார். கஅபாவில் அடைக்கலம் புகுந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். 683-ல் ஷாமிலிருந்து யஸீதின் படை வருகிறது. முதலில் ஹர்ராவில் மதீனாவாசிகளைத் தோற்கடிக்கிறது. அங்கிருந்து மக்கா போகும் வழியில் தளபதி முஸ்லிம் இப்னு உக்பா இறந்துபோகிறார். அடுத்த தளபதி மக்காவை முற்றுகையிடுகிறார். கஅபா தீப்பிடிக்கிறது. அந்த நேரத்தில் யஸீத் இறந்த செய்தி வர, படை திரும்பிப் போகிறது.

இப்போது ஹதீஸைப் பாருங்கள். கலீஃபாவின் மரணம், பிளவு, மதீனாவிலிருந்து மக்காவுக்கு ஓடும் மனிதர், ஷாம் படை. ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த மனிதரை எதிர்த்து, கல்பு குலத்தாரைத் தாய்மாமன்களாகக் கொண்ட ஒரு குரைஷி கிளம்புவார் என்கிறது ஹதீஸ். யஸீதின் தாய் மைசூன் கல்பு குலத்துப் பெண். அன்றைக்கு இதைக் கேட்ட ஒருவருக்கு யார் முகம் நினைவுக்கு வந்திருக்கும்?

பொருத்தம் அதோடு நின்றுவிடுகிறது. படையை பூமி விழுங்கவில்லை. அது நடந்தே ஊர் திரும்பியது. கல்பு தோற்று அவர்களுடைய செல்வம் பங்கிடப்படும் என்கிறது ஹதீஸ். நடந்ததோ தலைகீழ். 684-ல் மர்ஜ் ராஹித் போரில் இப்னு ஸுபைரின் ஆதரவாளர்களை கல்பு குலம்தான் நொறுக்கியது, மர்வானின் வம்சம் நிலைத்தது. அந்த மனிதர் ஏழு ஆண்டு இருந்து இயல்பாக இறப்பார், முஸ்லிம்கள் ஜனாஸா தொழுவார்கள் என்கிறது ஹதீஸ். இப்னு ஸுபைரை 692-ல் ஹஜ்ஜாஜின் படை மக்காவிலேயே கொன்று உடலைத் தொங்கவிட்டது. ஏழா ஒன்பதா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுவதாக அபூதாவூதே குறித்திருக்கிறார். ஹிஜ்ரி 64-லிருந்து 73 வரை எண்ணினால் ஒன்பது வருகிறது. அந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

வில்ஃபெர்ட் மாடலுங் என்ற பேராசிரியர் 1981-ல் இதைத்தான் கட்டுரையாக எழுதினார். ஒரு முன்னறிவிப்பு எதுவரை நடந்ததோடு ஒட்டிவந்து எங்கே விலகுகிறதோ, அந்த விலகும் இடம்தான் அது இந்த வடிவத்தில் பரவிய காலம் என்பது அடிப்படை. அவர் கணக்கில் அது 684-ஐ ஒட்டிய பஸ்ரா. தொடரில் வந்தாரே அப்துல்லாஹ் இப்னு ஹாரிஸ்! அவர் சாதாரண ஆள் இல்லை. 684-ல் யஸீதின் ஆளுநர் பஸ்ராவை விட்டு ஓடியபோது ஊர்மக்கள் தற்காலிகத் தலைவராக ஏற்றுக்கொண்டவர். இப்னு ஸுபைருக்கு ஆதரவாகப் பைஅத் வாங்கியவர். மாடலுங் விரல் நீட்டுவது அவரை நோக்கித்தான்.

இதை அப்படியே விழுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மைக்கேல் குக் என்ற இன்னொரு அறிஞர் 1992-ல் இந்த வகை ஹதீஸ்களையே ஒரு பரிசோதனைக் களமாக எடுத்துக்கொண்டார். தொடரில் எல்லாக் கிளைகளும் சேரும் ஆளை வைத்துக் காலம் சொல்லும் முறை ஒன்று மேற்கத்திய ஆய்வில் 1950-லிருந்து புழக்கத்தில் இருந்தது. உள்ளடக்கம் காட்டும் காலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகவில்லையே என்று கையை விரித்தார். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 64-ல் ஒரு வடிவம் பரவியது என்பதாலேயே அதற்கு முன் அந்தச் செய்தியே கிடையாது என்றும் ஆகாது. பழைய சுவரில் புதுப் பூச்சு இருக்கலாம்.

பழைய சுவர் இருக்கத்தான் செய்கிறது. கஅபாவைத் தாக்க வரும் ஒரு படை வெட்டவெளியில் பூமிக்குள் புதையும் என்ற செய்தி புகாரியில் ஆயிஷா (ரலி) வழியாக இருக்கிறது. முஸ்லிம் தொகுப்பில் ஹஃப்ஸா, உம்மு ஸலமா வழியாகவும் இருக்கிறது. இவை உறுதியானவை என்பது ஹதீஸ் அறிஞர்களின் முடிவு. ஆனால் கவனியுங்கள்: அங்கே கல்பு இல்லை, ருக்ன்-மகாம் பைஅத் இல்லை, ஏழு வருடமும் இல்லை. மஹ்தி என்ற பெயர் புகாரி, முஸ்லிம் இரண்டிலுமே இல்லை. (இப்னு கல்தூன் மஹ்தி பற்றிய ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அறிவிப்பாளர்களைச் சோதித்து, தேறுபவை மிகக் கொஞ்சம் என்று எழுதினார். அவர் அளவுக்கு மீறிப் போய்விட்டார் என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. அது பெரிய கதை.)

முஸ்லிம் தொகுப்பில் இருக்கும் உம்மு ஸலமா அறிவிப்பில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. இருவர் அவரிடம் போய் ‘பூமி விழுங்கும் படை’ பற்றிக் கேட்டார்களாம்; அது இப்னு ஸுபைரின் நாட்களில் நடந்தது என்று அறிவிப்பாளர் சொல்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைப் பழைய உரையாசிரியர்கள் விடவில்லை. உம்மு ஸலமா ஹிஜ்ரி 59-ல் இறந்தவர், அப்போது முஆவியாவே உயிரோடிருந்தார், இப்னு ஸுபைரின் நாட்கள் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். இல்லை, யஸீதின் ஆட்சித் தொடக்கம் வரை அவர் இருந்தார் என்றும் அறிவிப்பு உண்டு, அப்படியானால் பொருந்தும் என்று இன்னொருவர் சொன்னார். நவவி இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். முஸ்லிம் தொகுப்பின் மேல், எழுநூறு வருடத்துக்கு முன், தேதியை வைத்துக் கேள்வி! ஹதீஸைச் சோதிப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்று சொல்லும் நண்பர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு அறிவிப்பு. அப்துல்லாஹ் இப்னு ஸஃப்வான் என்பவர் மக்காவின் பெரிய மனிதர், இப்னு ஸுபைரின் நெருங்கிய ஆள். நபியின் மனைவியரில் ஒருவரிடம் கேட்டதாக அவர் இதைச் சொல்கிறார்: பலமோ ஆள்பலமோ ஆயுதமோ இல்லாத கூட்டம் ஒன்று கஅபாவில் அடைக்கலம் புகும், அவர்களை எதிர்த்து வரும் படை புதைக்கப்படும். இதைக் கேட்டு அறிவிப்பவர் ஒரு தகவல் சேர்க்கிறார். அந்த நேரத்தில் ஷாம்வாசிகள் மக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தார்களாம்.

யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே எதிரி. உள்ளே பயந்துபோன ஜனம். கையில் ஒரு நபிமொழி. ‘கவலைப்படாதீர்கள், இதோ இந்தப் படைதான் அது, பூமி விழுங்கிவிடும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மக்கா முழுக்க எழுந்து நிற்கும். சொன்னால் மறுக்க ஆளில்லை. அவர் சொன்னது: அல்லாஹ்வின் மீது ஆணையாக, அந்தப் படை இதுவல்ல.

அதே மனிதர் 692-ல் இப்னு ஸுபைரோடு மக்காவில் கொல்லப்பட்டார். கடைசிவரை கட்சி மாறவில்லை. ஆனால் கட்சிக்காக ஹதீஸை வளைக்கவும் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு 1979 நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 1400-ன் முதல் நாள், நவம்பர் 20. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் பெத்தும்மா அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே ‘பதினாலாம் நூற்றாண்டோடு துன்யா முடியுது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பா வானொலியைத் திருகிக்கொண்டிருந்தபோது மக்கா ஹரம் பள்ளியை ஆயுதக் கூட்டம் ஒன்று கைப்பற்றிவிட்டது என்று செய்தி வந்தது. பெத்தும்மா தஸ்பீஹை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கூட்டத்தின் தலைவர் ஜுஹைமான் அல்-உதைபி. சவூதி தேசியக் காவல்படையில் இருந்தவர். பஜ்ர் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கைப்பற்றி, தன்னுடன் இருந்த முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் அல்-கஹ்தானியே மஹ்தி என்று அறிவித்தார்கள். பெயர் பொருந்துகிறது, அப்பா பெயர் பொருந்துகிறது. பலர் ஒரே மாதிரி கனவு கண்டதாகச் சொன்னார்கள். பைஅத் எங்கே? ருக்னுக்கும் மகாமுக்கும் இடையே. நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே ஹதீஸ்தான் அவர்கள் கையில் இருந்த வரைபடம். எதிர்த்து வரும் படையை பூமி விழுங்கும் என்று காத்திருந்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது, இவர்கள் ஹதீஸ் தெரியாதவர்கள் இல்லை. மதீனாவில் பலவீனமான ஹதீஸ்களைக் களைவதையே தொழிலாகக் கொண்ட குழுவிலிருந்து வந்தவர்கள். ஜுஹைமான் கடைசி நாள் குழப்பங்கள் பற்றித் தனிப் பிரசுரமே எழுதி, குவைத்தில் அச்சிட்டிருந்தார். தொடர் தெரியும், நூல் தெரியும். ஒரு செய்தி நபி சொன்னதா என்பது ஒரு கேள்வி. அவர் சொன்னது இவரைத்தானா, இந்த வருடத்தைத்தானா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நூறு அறிவிப்பாளர்களைச் சோதித்தவர்கள் இரண்டாவதற்குக் கனவை நம்பினார்கள்.

படையை பூமி விழுங்கவில்லை. சண்டை டிசம்பர் 4 வரை நடந்தது. கஹ்தானி முதல் சில நாட்களிலேயே செத்துப்போனார். சவூதி அரசின் கணக்கில் படையினர் மட்டும் 127 பேர் இறந்தார்கள். 1980 ஜனவரி 9-ல் ஜுஹைமான் உட்பட 63 பேருக்கு எட்டு நகரங்களில் தலை வெட்டப்பட்டது. தொழ வந்த இடத்தில் மாட்டிக்கொண்டு இறந்த ஹாஜிகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. சிரியாவின் தாபிக் கிராமத்தின் பெயர் ஒரு ஹதீஸில் வருகிறது என்று அதையே பத்திரிகைப் பெயராக்கி ஆள் சேர்த்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். 2016-ல் அந்தக் கிராமம் பெரும்போர் எதுவும் இல்லாமலே கைவிட்டுப் போனது. பத்திரிகையின் பெயரை அதற்கு முந்தைய மாதமே மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பையனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். “அப்ப அந்தப் படை வரவே வராதா நன்னா?” என்றான். “வரும்னு புகாரியில இருக்கு, நான் நம்புறேன். உன் செல்போன்ல அம்புக்குறி போட்டவனுக்கு அது எதுன்னு தெரியாது. வாசல்ல படை நிக்கும்போது இப்னு ஸஃப்வானே இதுவல்லன்னுட்டார்” என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த அறிவிப்பு எந்தப் பக்கத்தில் என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். தானே படித்தான்.

திங்கட்கிழமை அபராதத்தோடு பணம் கட்டியாயிற்று. கணக்கு மூன்றாம் தாள்தான் அவனுக்குக் கண்டம். நம் பழைய மாணவர்களில் பொறியியல் கல்லூரியில் கணக்கு எடுப்பவர்கள் யாராவது மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். குடும்பக் குழுவில் அந்தச் செய்தியை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை, பெருநாளுக்கு வீட்டுக்கு வரும்போது பேசிக்கொள்கிறேன்.